தொடர்பை அறுத்தவர் யார்? மருந்தில் நிலைத்திருத்தலின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

(சற்றே நீண்ட பதிவு. மருத்துவ வரலாறு, சமூகவியல், சமூகப்பணித் துறைகளில் ஆய்வு செய்யும் மாணவர்களை மனத்திற்கொண்டு எழுதியது.)

எச்.ஐ.வி. தொற்றுள்ளோருக்குக் கூட்டுமருந்து வழங்கும் அரசு மையங்களின் பதிவேடுகளில் ஒரு வகைப்பாடு உண்டு. தொடர்ந்து மூன்று மாதங்கள் மருந்து பெற வராதவரைத் 'தொடர்பு இழந்தவர்' என்று குறிப்பார்கள். ஆங்கிலத்தில் அதன் மூன்றெழுத்துச் சுருக்கமே வழக்கில் உள்ளது. ஆலோசகர்களும் களப்பணியாளர்களும் 'எல்.எஃப்.யூ.' என்றே சொல்வர். அந்தச் சொல்லில் எழுவாய் இல்லை. தொடர்பை இழந்தது நோயாளியா, மருத்துவமனையா என்பதைப் பதிவேடு சொல்வதில்லை. ஆயினும் படிப்பவர் அனைவரும் நோயாளியையே எழுவாயாகக் கொள்கிறோம். அவர் போதைப்பொருளை ஊசிவழி ஏற்றிக்கொள்பவராக இருந்துவிட்டால் ஐயத்திற்கே இடமில்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம். அந்த முடிவுக்கு வரலாற்றில் எந்த அளவு ஆதாரம் உண்டு என்பதை ஆராய்வதே இக்குறிப்புகளின் நோக்கம்.

நான் தொடங்கும் இடம் ரேணிகுண்டா. இவ்வூரைப் போதைப்பொருளோடு இணைத்துப் பேசுவது என் கருத்தன்று. மருந்தில் நிலைத்திருத்தல் என்னும் சிக்கலின் தென்னிந்திய வரலாறு இவ்வூரைச் சூழ்ந்த நிலப்பரப்பில்தான் தொடங்குகிறது என்பதால் இங்கிருந்து பார்க்கிறேன். 1871இல் இணைப்பு முழுமைபெற்ற சென்னை–பம்பாய் இருப்புப்பாதையில் அமைந்த சந்திப்பு இது. அரக்கோணம் வழியே சென்னைக்கும், கடப்பை, குந்தக்கல் வழியே மும்பைக்கும், கூடூருக்கும், திருப்பதி வழியே காட்பாடிக்கும் இங்கிருந்து தண்டவாளங்கள் பிரிகின்றன. 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, இப்பகுதியின் ஊடே இரு மாநிலங்களின் எல்லை புதிதாக வரையப்பட்டது. மக்களின் பேச்சும் பிழைப்பும் அந்த எல்லையைப் பொருட்படுத்தவில்லை. மருத்துவப் பதிவேடுகள் பொருட்படுத்தின. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். இறுதியில் இதற்குத் திரும்புவோம்.

1. ஆரோக்கியவரமும் சேத்துப்பட்டும்

பழைய சித்தூர் மாவட்டத்தின் மேற்கில் மதனபள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில், டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர் கிறிஸ்டியன் ஃப்ரிமோட்-மொல்லர் தலைமையில், பல கிறித்தவ மிஷன்கள் கூடி அங்கே ஒரு காசநோய் மருத்துவமனையை நிறுவின. தூய காற்று, ஓய்வு, நல்லுணவு, ஒழுங்கு ஆகியவையே அக்காலத்துச் சிகிச்சை. 1928இல் தாம்பரத்தில் மருத்துவர் சௌரிமுத்து தொடங்கி, 1937இல் அரசு ஏற்றுக்கொண்ட 'சானடோரியம்' அதே கருத்தில் பிறந்தது. இன்றும் அங்குள்ள தொடர்வண்டி நிலையத்திற்கு அதுவே பெயர். நோயாளியை அவரது வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் பிரித்து, ஒழுங்குக்கு உட்பட்ட ஓர் இடத்தில் வைத்தால்தான் குணமாவார் என்பதே இம்மருத்துவமனைகளின் அடிப்படை நம்பிக்கை.

1940களின் இறுதியில் காசநோய்க்கு வேதிமருந்துகள் வந்தபின் இந்நம்பிக்கை சோதனைக்கு உள்ளாயிற்று. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து சேத்துப்பட்டில் காசநோய் வேதிமருத்துவ மையத்தை நிறுவின. தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று இன்று நாம் அறிவது அதுவே. அங்கு நடந்த முதல் பெரும் ஆய்வில் 193 நோயாளிகள் இரு பிரிவாயினர். ஒரு பிரிவினர் சானடோரியத்திலும், மற்றவர் தம் குடியிருப்புகளிலேயும் ஒரே மருந்துகளைப் பெற்றனர். வீட்டிலிருந்தோர் பெரும்பாலும் வறியவர், இட நெருக்கடி மிக்க வீடுகளில் வாழ்ந்தவர், போதிய உணவில்லாதவர். அவர்கள் குணமடைந்த அளவு சானடோரியத்தில் இருந்தோரின் அளவுக்கு ஏறத்தாழ ஒத்திருந்தது. வீட்டாருக்கு நோய் பரவும் ஆபத்தும் அதனால் கூடவில்லை. 1959இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் சானடோரியங்களின் காலத்தை முடித்துவைத்தது.

அதே முடிவு புதிய கேள்வியொன்றையும் எழுப்பிற்று: வீட்டில் இருப்பவர் ஓராண்டு முழுதும் மருந்து உண்கிறாரா? அம்மையத்தில் பணியாற்றிய வாலஸ் ஃபாக்ஸ் 1958இலேயே இதைத் தனிச் சிக்கலாக எடுத்து எழுதினார். சிறுநீரில் மருந்தின் தடயத்தைச் சோதிப்பது, முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணுவது போன்ற முறைகள் அங்கே நடைமுறைக்கு வந்தன. அவற்றைவிட முக்கியமானது அடுத்த அடி. நாள்தோறும் தாமே உண்ணும் மருந்துக்கு மாறாக, வாரம் இருமுறை மருத்துவப் பணியாளரின் முன்னிலையில் பெறும் மருந்து முறையை அவர்கள் வடிவமைத்தார்கள். 1964இல் வெளியான அதன் முடிவுகள், பின்னாளில் 'டாட்ஸ்' என்று அறியப்பட்ட உலகளாவிய முறைக்கு வித்தாயின.

மருந்து தவறும்போது நோயாளியின் குணத்தைக் குறைகூறுவது எளிது. சேத்துப்பட்டு ஆய்வாளர்கள் மருந்தின் கால அளவையும், அது கிடைக்கும் இடத்தையும், தருபவரையும் மாற்றிப் பார்த்தார்கள். அவற்றை மாற்றியபோது, நிலைத்திருப்போரின் தொகையும் மாறியது. இந்தச் சென்னைப் பாடம் கால் நூற்றாண்டுக்குப் பின், மேலும் கொடிய ஒரு நோயின் முன்னே மறக்கப்பட்டது.

2. சட்டமும் நச்சுயிரியும்

1985 நவம்பர் 14 அன்று போதை மருந்துகள் மற்றும் உளவெறிப்பொருள்கள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1857, 1878ஆம் ஆண்டுகளின் அபினிச் சட்டங்களையும் 1930இன் அபாயகர மருந்துச் சட்டத்தையும் அது நீக்கியது. விற்பனை, கடத்தல் ஆகியவற்றோடு நுகர்வும் தண்டனைக்குரிய குற்றமாயிற்று. அச்சட்டம் வந்து மூன்று மாதம் கழிந்த நிலையில், 1986 பிப்ரவரியில், சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுநிலை மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா, தம் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் திரட்டிய குருதி மாதிரிகளை வேலூருக்குக் கொண்டுசென்று சோதித்தார். பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் பெற்ற மாதிரிகளுள் ஆறில் தொற்று தெரிந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதற்கு அதுவே முதற்சான்று. அன்றைய சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே அதைச் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

இவ்விரு நிகழ்வுகளும் அடுத்தடுத்து நிகழ்ந்தமை தற்செயலே. விளைவு தற்செயலன்று. போதைப்பொருள் சட்டத்தின் நிர்வாகம் நிதி அமைச்சகத்தின் வருவாய்த் துறையிடம் சென்றது. தன்னார்வ அமைப்புகள் நடத்தும் போதை மீட்பு மையங்களுக்கு நிதியளிக்கும் பொறுப்பு சமூகநீதி அமைச்சகத்திடம் அமைந்தது. எச்.ஐ.வி. சுகாதார அமைச்சகத்தின்கீழ், 1992இல் உருவான தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பிடம் சேர்ந்தது. தொற்றும் போதைப்பழக்கமும் ஒரே உடலில் அமைந்த மனிதரை இந்திய அரசு மூன்று அலுவலகங்களுக்குப் பகிர்ந்தளித்தது. அவருக்குக் குற்றவாளி, ஒழுக்கம் தவறியவர், நோயாளி என்னும் மூன்று அடையாளங்கள் கிடைத்தன. ஒவ்வோர் அலுவலகத்திற்கும் ஒவ்வொரு வாயில். ஒவ்வொரு வாயிலுக்கும் ஒவ்வொரு நிபந்தனை.

இதன் விளைவு முதலில் மணிப்பூரில் வெளிப்பட்டது. 1989 இறுதியில் தொடங்கி ஓராண்டுக்குள், அங்கு ஊசிவழிப் போதை ஏற்றுவோரிடையே தொற்று சுழியிலிருந்து ஏறத்தாழப் பாதியளவுக்கு உயர்ந்தது. உலக அளவிலேயே மிக விரைவான பரவல்களுள் ஒன்று அது. மியான்மரிலிருந்து ஹெராயின் வந்த வழியில் அமைந்த எல்லை நகரம் மோரே. 1960களில் பர்மாவிலிருந்து வெளியேறிய தமிழர் குடியேறிய ஊர் அது என்பதையும் இங்குக் குறிக்கிறேன். தமிழகத்து வாசகர் தொலைதூரச் செய்தியாகக் கருதிய ஒன்று தமிழ்க் குடும்பங்களின் வாசலில் நடந்துகொண்டிருந்தது.

3. ஒரே மருந்து, இரு அமைப்பு

சென்னையின் கதை வேறு. 1980களில் இங்கு வந்த 'பிரவுன் சுகர்' முதலில் புகையாக உள்ளிழுக்கப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் விலையும் கிடைப்பருமையும் ஏற, பயன்படுத்துவோர் பலர் மருந்துக் கடைகளில் கிடைத்த பியூப்ரெனார்பின் ஊசிமருந்துக்கு மாறினர். உளநல மருத்துவர் எம். சுரேஷ் குமாரும் அவரோடு பணியாற்றியோரும் எழுதிய களஆய்வுகள் இம்மாற்றத்தைப் பதிவுசெய்துள்ளன. வலிநீக்கும் மருந்தாகிய பியூப்ரெனார்பின், பகிர்ந்துகொண்ட ஊசியின் வழியே தொற்றைக் கடத்தும் வாகனமாயிற்று.

அதே பியூப்ரெனார்பின் நாவின் அடியில் வைத்துக் கரையும் மாத்திரை வடிவில் மருத்துவமாகவும் பயன்படுகிறது. தில்லியில் ஷரண் என்னும் தன்னார்வ அமைப்பு 1990களின் முற்பகுதியிலேயே இதைத் தெருவோர மக்களுக்கு வழங்கத் தொடங்கியது. அதன் செயல்முறையை அறிந்தால்தான் பின்வருவன விளங்கும். ஹெராயினுக்குப் பழகிய உடலில், கடைசி ஊசிக்குப்பின் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் வேதனை தொடங்குகிறது: மூக்கொழுகல், குளிர்நடுக்கம், வயிற்றுப்போக்கு, எலும்பு முறிவதுபோன்ற நோவு, உறக்கமின்மை. பயன்படுத்துபவரின் ஒரு நாள் என்பது இவ்வேதனையைத் தள்ளிப்போடுவதற்கான உழைப்பே. பியூப்ரெனார்பின் மூளையில் அதே ஏற்பிகளில் பற்றிக்கொள்கிறது, வேதனையைத் தடுக்கிறது, மயக்கத்தை மிகுவிப்பதில்லை, ஒரு நாளுக்கு மேல் நீடிக்கிறது. ஒருமுறை மாத்திரை பெற்றவருக்கு அடுத்த ஊசியைத் தேடும் நெருக்கடி இல்லை. அவருக்கு இருபத்துநான்கு மணி நேரம் திரும்பக் கிடைக்கிறது. அந்நேரத்தில் உணவுண்ணலாம், வேலைக்குச் செல்லலாம், மருத்துவமனை வரிசையிலும் நிற்கலாம்.

மூலக்கூறு ஒன்றுதான். கொடுப்பவர், கொடுக்கும் இடம், கொடுக்கும் வடிவம் ஆகிய அமைப்பின் கூறுகளே அதை நோய் பரப்பும் ஊசியாகவோ நோய் தடுக்கும் மருந்தாகவோ ஆக்கின. சேத்துப்பட்டு ஆய்வு சொன்னதையே, சென்னையின் பியூப்ரெனார்பின் வரலாறு வேறொரு வழியில் சொல்கிறது.

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில், அதாவது 2007க்குப் பின்னரே, இம்மாற்று மருத்துவம் அரசுத் திட்டமாயிற்று. 2010ஐ ஒட்டிப் பஞ்சாபில் அரசு மருத்துவமனைகளிலும் அது தொடங்கப்பட்டது. மெதடோன் அதன்பின் வந்தது. மணிப்பூரில் தொற்று கண்டறியப்பட்டதற்கும் இதற்கும் இடைப்பட்டவை ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள்.

4. 2004: தாம்பரத்தின் புதிய வரிசை

2001இல் இந்திய நிறுவனமாகிய சிப்லா, ஆண்டுக்கு 350 டாலருக்குக் கூட்டுமருந்து தர முன்வந்தபோது உலகச் சந்தையின் விலை சரிந்தது. 2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு எட்டு அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கூட்டுமருந்து வழங்கத் தொடங்கியது. அவற்றுள் ஒன்று இம்பாலில். மற்றொன்று தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. அது 1928இன் அதே சானடோரியம்தான். காசநோயருக்காகக் கட்டிய கூடங்களில் 1990கள் முதல் எச்.ஐ.வி. நோயாளர் நிறைந்தனர். தமிழகத்தினர் மட்டுமல்லர், ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் பெருந்தொகையினர் வந்தனர். இப்பகுதியிலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் வண்டிகள் அவர்களுள் பலரைச் சுமந்து சென்றிருக்கின்றன.

கூட்டுமருந்து வாழ்நாள் முழுதும் உண்ணவேண்டியது. தவறினால் நச்சுயிரி மருந்துக்கு எதிர்ப்பு பெறும் என்ற அச்சம் தொடக்கத்தில் மிகக் கடுமையாக இருந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வேளைகளேனும் தவறாமல் உண்ணவேண்டும் என்பது அன்றைய வேதவாக்கு. இந்த அச்சத்தின் நிழலில், போதைப்பழக்கம் உள்ளவர் மருந்தில் நிலைத்திருக்கமாட்டார், ஆகவே பழக்கத்தை விட்டபின்னரே மருந்து தரலாம் என்ற கருத்து பல நாடுகளின் மருத்துவர்களிடையே வேரூன்றியது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்கள் இதை ஏற்கவில்லை. 2010இல் லான்செட் இதழ் வெளியிட்ட சிறப்புத் தொடர், தக்க ஆதரவு கிடைத்தால் இவர்களும் பிறரைப் போலவே மருந்தில் நிலைக்கின்றனர் என்று பல நாட்டுச் சான்றுகளைத் தொகுத்துரைத்தது. ஆயினும் கருத்து மெல்லவே கரைந்தது.

மருந்தை விட்டவரைப் பொறுப்பற்றவர் என்று முடிவுகட்டுமுன் மருந்தியல் சொல்லும் ஒரு செய்தியைக் கேட்கவேண்டும். அன்றைய கூட்டுமருந்தில் இடம்பெற்ற நெவிராபின், எஃபாவிரென்ஸ் ஆகியவை கல்லீரலின் நொதிகளைத் தூண்டி, மெதடோனைக் குருதியிலிருந்து விரைவில் வெளியேற்றுகின்றன. காசநோய்க்குரிய ரிஃபாம்பிசின் மெதடோன், பியூப்ரெனார்பின் இரண்டின் அளவையும் குறைக்கிறது. எச்.ஐ.வி. உள்ளவருக்குக் காசநோய் வருவது மிகுதி என்பதை நாம் அறிவோம். மாற்று மருத்துவத்தில் நிலைபெற்றிருந்த ஒருவர் புதிய மாத்திரைகளைத் தொடங்குகிறார். ஒரு வாரத்தில் பழைய வேதனை திரும்புகிறது. அவர் எதை நிறுத்துவார்? வேதனையைத் தந்த மாத்திரையைத்தான். ஒரு மையத்தின் மருத்துவர் மற்றொரு மையத்தின் மருந்தளவை அறிந்திருந்தால், அளவைக் கூட்டி இதைத் தவிர்த்திருக்கலாம். இரு மையங்களும் பேசிக்கொள்ளாதபோது பதிவேடு 'தொடர்பு இழந்தவர்' என்று எழுதிக்கொள்கிறது. 2020ஐ ஒட்டி இந்தியத் திட்டம் டோலுடெக்ராவிர் கலந்த கூட்டுமருந்துக்கு மாறியது. மெதடோனோடு அதற்கு இத்தகைய மோதல் இல்லை. நோயாளியின் ஒழுக்கத்தில் எதுவும் மாறாமலே, நிலைத்திருத்தலுக்கான ஒரு தடை நீங்கிற்று.

5. சென்னையின் சோதனைகள்

சுனிதி சாலமன் 1993இல் சென்னையில் நிறுவிய ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனத்தின் ஆய்வுகள் இவ்வரலாற்றின் அடுத்த கட்டம். 2014இல் வெளியான ஒன்றை எடுத்துக்கொள்வோம். தொற்றும் போதைப் பழக்கமும் உடைய 120 பேர் இரு பிரிவாயினர். மருத்துவமனைக்கு வருதல், மருந்தைத் தொடங்குதல் முதலிய ஒவ்வொரு படிக்கும் ஒரு பிரிவினர் பொருளாக மாற்றிக்கொள்ளத்தக்க சீட்டுகளைப் பெற்றனர். அப்பிரிவில் நூற்றுக்கு 45 பேர் கூட்டுமருந்தைத் தொடங்கினர். மற்றதில் 27 பேர். மாதந்தோறும் வருவதும் முதற்பிரிவில் மிகுதியாக இருந்தது. ஆனால் குருதியில் நச்சுயிரி அடங்கிய அளவில் இரு பிரிவுகளுக்கும் வேறுபாடு தெரியவில்லை. வாயில்வரை அழைத்துவரச் சிறு ஊக்கம் போதுமானது. உள்ளே நிலைக்கவைக்க அது போதாது.

அடுத்து, இந்தியாவின் 22 இடங்களில் ஒரு பெரும் ஆய்வு நடந்தது. அவற்றுள் 12 இடங்கள் ஊசிவழிப் போதை ஏற்றுவோருக்கானவை. சில இடங்களில் எச்.ஐ.வி. சோதனை, ஆலோசனை, மாற்று மருத்துவம், தூய ஊசி ஆகிய அனைத்தும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவரப்பட்டன. 2019இல் வெளியான முடிவை நேர்மையாகச் சொல்லவேண்டும். முழுச் சமூக அளவில் எதிர்பார்த்த மாற்றம் புள்ளியியல் உறுதியோடு நிறுவப்படவில்லை. அம்மையங்களுக்குச் சென்றவரிடையேயும், மையம் பரவலாகச் சென்றடைந்த ஊர்களிலும் பயன் தெரிந்தது. ஒரே கூரை தேவை. அக்கூரையின்கீழ் வந்து சேராதவருக்கு அதனால் பயனில்லை.

வந்து சேர்வதற்கான வழி எது? இதற்கு விடை தேடிய பன்னாட்டு ஆய்வொன்று உக்ரைன், இந்தோனேசியா, வியத்நாம் ஆகிய நாடுகளில் நடந்து, 2018இல் லான்செட்டில் வெளியாயிற்று. எச்.பி.டி.என். 074 என்பது அதன் பெயர். தொற்றுள்ள 502 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்கு வழித்துணையாளர் ஒருவர் அளிக்கப்பட்டார். எந்த அலுவலகத்தில் எந்தத் தாள் வேண்டும், எந்த மருத்துவர் எந்நாளில் இருப்பார் என்றறிந்து உடன் செல்பவர் அவர். உளநல ஆலோசனையும் உண்டு. பழக்கத்தை விட்டுவிட்டு வா என்ற நிபந்தனை இல்லை. ஓராண்டின் முடிவில் கூட்டுமருந்து உண்போர், நச்சுயிரி அடங்கியோர், மாற்று மருத்துவம் பெறுவோர் ஆகிய மூன்று தொகைகளும் அப்பிரிவில் தெளிவாகக் கூடியிருந்தன. இறப்பு மற்றப் பிரிவினதில் ஏறத்தாழப் பாதியாக இருந்தது. புதிய மருந்து எதுவும் அங்குக் கண்டுபிடிக்கப்படவில்லை. உடன் நடக்க ஒரு மனிதர் கிடைத்தார், அவ்வளவே.

6. சட்டம் திறந்த சாளரம், பெருந்தொற்று திறந்த கதவு

போதைப்பொருள் சட்டத்திலும் மருத்துவத்திற்கு இடம் இல்லாமல் இல்லை. சிறிதளவு வைத்திருந்தவரோ நுகர்ந்தவரோ தாமாகச் சிகிச்சைக்கு முன்வந்தால் வழக்கிலிருந்து விலக்களிக்க 64ஏ பிரிவு வழிசெய்கிறது. 2018 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் மேலும் ஒரு படி சென்றது. தூய ஊசி வழங்கல், மாற்று மருத்துவம் போன்ற இடர்குறைப்புப் பணிகளைச் செய்பவரையும் பெறுபவரையும் அதற்காகக் குற்றவாளியாக்கலாகாது என்று அதன் 22ஆம் பிரிவு கூறுகிறது. சட்டப் புத்தகத்தில் உள்ளது காவல் நிலையத்தை அடைவது வேறு செய்தி. ஒரு கைது, ஒரு வார காலச் சிறை, அங்கே கிடைக்காத மாத்திரை என இவ்வளவே போதும், பல மாத முயற்சி கலைந்துபோக.

2020 மார்ச்சில் நாடு முடங்கியபோது நிகழ்ந்ததை வரலாற்று மாணவர்கள் தனியே ஆராயவேண்டும். பியூப்ரெனார்பினை நாள்தோறும் மையத்திற்கு வந்து, பணியாளர் முன்னிலையில் உண்ணவேண்டும் என்பது அதுவரை தளராத விதி. கையில் கொடுத்தால் விற்றுவிடுவார்கள் என்பது காரணம். பேருந்தும் தொடர்வண்டியும் நின்ற வேளையில் அவ்விதி தளர்த்தப்பட்டது. சில நாள்களுக்கான மாத்திரைகளை வீட்டுக்கு எடுத்துச்செல்லலாம் என்றாயிற்று. கூட்டுமருந்தும் பல மாதங்களுக்குச் சேர்த்து வழங்கப்பட்டது. பத்தாண்டுக்கும் மேலாக இயலாதது எனப்பட்டது சில வாரங்களில் இயன்றது. நோயாளிகள் ஒரே இரவில் நம்பிக்கைக்குரியவராய் மாறிவிட்டார்களா? மாறியது அமைப்பின் தேவை.

இங்கு ஓர் எதிர்வாதத்தையும் எண்ணிப்பார்க்கவேண்டும். எல்லாப் பொறுப்பையும் அமைப்பின்மேல் ஏற்றினால் நோயாளியைத் தம் விருப்பம் ஏதுமற்ற பொம்மையாக்கிவிடுகிறோம் என்று சிலர் கூறலாம். அது ஏற்கத்தக்க எச்சரிக்கையே. வேதனைமிக்க நாளொன்றின் நடுவே மருத்துவமனை வரிசையில் நிற்பவர் பெரும் மனவுறுதியோடு நிற்கிறார். என் வாதம் அந்த உறுதியை மறுப்பதன்று. அவ்வுறுதிக்குத் தாங்கும் அளவுக்குமேல் சுமை ஏற்றியது யார் என்று கேட்பதே.

7. மீண்டும் சந்திப்புக்கு

சென்னையில் வேலை செய்து, அங்குள்ள மையத்தில் மருந்து பெறும் ஒருவர், வேலை போனபின் ரேணிகுண்டாப் பக்கத்துத் தம் ஊருக்குத் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். தொலைவு மூன்று மணி நேரப் பயணம். ஆனால் மாநிலம் வேறு. எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வேறு. பதிவேட்டு மொழியும் வேறு. கூட்டுமருந்துக்கு மாற்றுச் சீட்டு உண்டு. திருப்பதிக்கோ வேறோர் ஊருக்கோ மாற்றிக்கொள்ளலாம். நாள்தோறும் உண்ணவேண்டிய பியூப்ரெனார்பினுக்கு அருகில் மையம் வேண்டும். இரண்டில் ஒன்று அறுந்தால் மற்றதும் அறும் என்பதை மேலே கண்டோம். 1960இல் நில அளவையாளர் வரைந்த கோடு, இப்படி ஒரு மனிதரின் குருதியோட்டத்தில் வந்து முடிகிறது. சீட்டு பெறாமல் கிளம்பிவிட்டால், மூன்று மாதங்கள் கழித்துச் சென்னைப் பதிவேடு அவரைத் 'தொடர்பு இழந்தவர்' என்று எழுதும். தம் ஊரில் அவர் இருக்கிறார் என்பது அப்பதிவேட்டுக்குத் தெரியாது.

ஆகவே இத்துறையில் ஆய்வு தொடங்கும் மாணவர்களுக்கு மூன்று பரிந்துரைகள்.

முதலாவதாக, 'தொடர்பு இழந்தோர்' தொகையை நோயாளியின் நடத்தையாகக் கொள்ளாதீர்கள். அதே மாதத்தில் மருந்து இருப்பு தீர்ந்ததா, ஆலோசகர் பணியிடம் காலியா, மாற்று மருத்துவ மையம் மூடப்பட்டதா, கைது நடவடிக்கைகள் நிகழ்ந்தனவா என்று பாருங்கள். இரண்டாவதாக, காசநோய் வரலாற்றைப் படியுங்கள். ஆரோக்கியவரம், தாம்பரம், சேத்துப்பட்டு ஆகிய மூன்றையும் அறியாமல் தென்னிந்தியாவில் எச்.ஐ.வி. மருத்துவத்தின் வரலாற்றை எழுத இயலாது. மூன்றாவதாக, மூன்று அமைச்சகங்களின் கோப்புகளையும் ஒருசேர வைத்துப் படியுங்கள். தனித்தனியே படித்தால் மூன்று வெவ்வேறு மனிதர்களின் கதைபோலத் தோன்றும்.

இதில் பணயமாக இருப்பவை உயிர்கள். குருதியில் நச்சுயிரி அடங்கியவர் நெடுங்காலம் வாழ்கிறார். பாலுறவின் வழியே தொற்றைக் கடத்துவதில்லை. மருந்து அறுந்தவரோ சில ஆண்டுகளில், பெரும்பாலும் காசநோயால், இறக்கிறார். பதிவேட்டில் அவர் இறந்தவராகக்கூட எழுதப்படுவதில்லை. 'தொடர்பு இழந்தவர்' என்ற தலைப்பின்கீழ் ஓர் எண்ணாக நின்றுவிடுகிறார். அந்த எண்ணைக் காணும்போது, அறுந்தது எந்த முனையில் என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பது ஆய்வாளரின் குறைந்தபட்சக் கடமை என்று கருதுகிறேன்.